மூன்று சுழிப் பேருந்து

நெட்டவேலாம்பாளையத்துக்கு ஒரு பேருந்து வந்துபோனது என்றும், அது தினமும் காலை ஏழு இருபதுக்கு வந்தது என்றும், ஒரு நாள்கூடத் தாமதமானதில்லை என்றும், அதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை என்றும் சொன்னால் டவுன்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து இருக்கிறது, சிரிக்க நேரமும் இருக்கிறது. பாளையத்துக்காரர்கள் யாரும் அந்தப் பேருந்தை நினைத்துச் சிரித்ததில்லை, அதிசயப்பட்டதும் இல்லை, ஏனென்றால் அவர்கள் அதை மனு போட்டு வாங்கினார்கள்; மனு போட்டு வாங்கிய பொருள் எந்த லட்சணத்தில் வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்வதுதான் அவர்களுக்குப் பழக்கம்.

மனுவை அடித்தவள் வசந்தாமணி. கலெக்டர் ஆபீசுக்கு எதிர் வரிசையில் ஜெராக்ஸ் கடையோடு சேர்ந்த ஒரு டைப்பிங் கடையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்து, மாவட்டத்தின் கஷ்டங்களையெல்லாம் தமிழில் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். நாற்பத்தாறு வயது. கணவர் போய்ப் பத்து வருடம் ஆகிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அவள் கடை வாசலில் கூட்டம் படி தாண்டி நிற்கும், அவள் யாருடைய கதையையும் பாதியில் நிறுத்தமாட்டாள், முழுக்கக் கேட்டுவிட்டு அதை அரைப் பக்கத்துக்குச் சுருக்கி, கடைசியில் எல்லா மனுவுக்கும் போடுகிற வரியைப் போடுவாள்: ‘மேற்படி பொருள் குறித்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ அந்த ‘ஆவன’ என்ற சொல்லில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. மற்ற கடைகளில் பாதிப்பேர் அதை மூன்று சுழி ‘ண’ போட்டு ‘ஆவண’ என்று அடித்துவிடுவார்கள். “ரெண்டு சுழி போட்டா, ஆகவேண்டியதச் செய்யுங்கன்னு அர்த்தம். மூணு சுழி போட்டா வெறுங் காயிதம். கவருமெண்டுகிட்ட போயி காயிதம் வேணும்னா கேப்பாங்க?” என்று பக்கத்துக் கடைக்காரிகளைக் கிண்டல் செய்வாள்.

பாளையத்துக்கு ஒரு காலத்தில் உண்மையாகவே பேருந்து வந்துகொண்டிருந்தது. பால் சொசைட்டி வரைக்கும் வந்து, ரேஷன் கடையைச் சுற்றித் திரும்பி, ஓடிவருகிறவர்களுக்காக நின்று, பிறகு போகும். அப்புறம் நாலுவழிச் சாலை வந்தது. சாலை நல்ல சாலைதான், அதில் குறை சொல்ல முடியாது, உருட்டிவிட்ட கோலிக்குண்டு ஊரைத் தாண்டித்தான் நிற்கும். ஆனால் அது பாளையத்தை ஒரு பக்கமும் மற்ற உலகத்தை இன்னொரு பக்கமும் ஒதுக்கிவிட்டுப் போயிற்று. பேருந்து ஊருக்குள் வருவதை விட்டுவிட்டு சாலையின் எதிர்ப்பக்கம் நின்று போக ஆரம்பித்தது. நடுவில் இரும்புக் கம்பி வேலி. யாரோ இரண்டு கம்பியை அறுத்து ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து பண்ணினார்கள், அந்தச் சந்துக்கு ஊரில் ‘வாசல்’ என்று பெயர். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், மில்லுக்குப் போகிற பெண்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழங்கள் எல்லாரும் வாசல் வழியாகத்தான் போனார்கள்.

சாலைக்காரர்களைக் கேட்டால், சுரங்கப்பாதை மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, வரைபடத்தைப் பாருங்கள் என்றார்கள். பேருந்துக்காரர்களைக் கேட்டால், ஊருக்குள் வந்து திரும்பினால் எட்டு நிமிடம் வீணாகிறது, நீங்கள்தான் சாலைக்கு வரவேண்டும் என்றார்கள். அப்படிச் சாலைக்குப் போய்த் திரும்பிவராதவர்களைப் பற்றிக் கேட்டால், கடக்கக்கூடாத இடத்தில் கடந்தது அவர்கள் தப்பு என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வைத்திருந்தார்கள். எட்டு வருடத்தில் பதினாலு பேர். எல்லாரும் விதிப்படியே நடந்துகொண்டார்கள், செத்தவர்களைத் தவிர. வசந்தாமணி ஊர் சார்பில் பத்தொன்பது மனு அடித்துக் கொடுத்திருந்தாள், பத்தொன்பதுக்கும் ரசீது வந்திருந்தது.

பதினாலாவது ஆள் அவள் மகள் தாரணி. காலேஜில் இரண்டாம் வருடம். ஆடி மாதத்து வியாழக்கிழமை, எதிர்ப்பக்கம் பேருந்து வந்து நின்றதைப் பார்த்துவிட்டு வாசலில் நுழைந்து ஓடினாள், பால் டேங்கர் வந்தது. இதற்குமேல் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை, வசந்தாமணியும் இதற்குமேல் யாரிடமும் சொன்னதில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவள் கடைக்குப் போய் இருபதாவது மனுவை அடித்தாள். அழுதுகொண்டே அடித்தாள் என்றுதான் ஊரில் சொல்கிறார்கள், ஆனால் அவள் அழவில்லை, கண் வறண்டுதான் கிடந்தது, விரல்தான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. ‘எங்கள் ஊருக்குப் பேருந்து இயக்க ஆவண செய்யுமாறு’ என்று மூன்று சுழியில் அடித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த எழுத்தில் அவள் தவறியது அந்த ஒரு தடவைதான். அரசாங்கமும் கேட்டதைக் கேட்டபடியே செய்துகொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாம் மாதம் பதில் வந்தது. ‘தங்கள் மனுவில் கோரியபடி ஆவணம் செய்யப்பட்டுள்ளது.’ கூடவே நகல்கள். தடம் எண் இருபது-ஏ, நெட்டவேலாம்பாளையம் முதல் டவுன் வரை, புறப்படும் நேரம் காலை ஏழு இருபது, நாளொன்றுக்கு ஒரு நடை. வண்டியின் எண் இருந்தது, ஓட்டுநரின் பெயர் இருந்தது, நடத்துநரின் பெயர் இருந்தது, முத்திரை இருந்தது, பச்சை மையில் கையெழுத்து இருந்தது. ஊராட்சித் தலைவர் சென்னியப்பன் அதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, “நாஞ் சொன்னேனில்லீங், வந்தே தீரும்னு?” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். அப்படி அவர் ஒருபோதும் சொன்னதில்லை. வசந்தாமணி மட்டும் அந்த வரியைப் படித்தவுடனே தன் மனுவின் நகலை எடுத்துப் பார்த்தாள், மூன்று சுழியையும் பார்த்தாள், நகலை மடித்து யார் கண்ணிலும் படாமல் பைக்குள் வைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் ரேஷன் கடை முன்னால் படுத்திருந்த நாய்கள் எழுந்து ஓரமாகப் போயின. டீசல் வாசம் வந்தது. கியர் மாற்றுகிற சத்தம் வந்தது, பிரேக் பிடித்துப் பெருமூச்சு விடுகிற சத்தம் வந்தது, கதவு அடித்துக்கொள்கிற சத்தம் வந்தது, சூடான காற்று காத்திருந்த கூட்டத்தின் முகத்தில் பட்டது, அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் மண்ணும் அதற்குப் பின்னால் சொசைட்டிச் சுவரும்தான் தெரிந்தன. “ஏறுங்க, ஏறுங்க, உள்ள போங்க, உள்ள எடமிருக்குது” என்று நடத்துநரின் குரல் கேட்டது. அதற்குப் பிறகுதான் உள்ளே இருந்தவர்களின் குரல் கேட்க ஆரம்பித்தது. சென்னியப்பனின் அண்ணன், சாலையில் மூன்றாவதாகச் செத்தவர், வழக்கமான இருமல் இருமினார். சத்துணவு ஆயா யாரையோ தள்ளி உட்காரச் சொன்னாள். மில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த தோழிகள் இரண்டு பேரும் சிரித்தார்கள். கடைசியில், பின்பக்க ஜன்னல் இருக்கவேண்டிய உயரத்திலிருந்து, “அம்மா, இன்னிக்கு ஜன்னல் சீட்டு கெடச்சிருச்சு” என்றாள் தாரணி.

“கெடச்சிருச்சா கண்ணு” என்றாள் வசந்தாமணி. வேறென்ன சொல்வாள், பெற்றவள்.

“சாயங்காலம் வந்தர்றேன்.”

“வந்துரு சாமி.”

விசில் அடித்தது. “போலாம் ரைட்.” சத்தம் ரேஷன் கடையைச் சுற்றித் திரும்பி, தார் இல்லாத ரோட்டில் தூசி கிளப்பாமல் போயிற்று.

ஊர் அதை ஒரே வாரத்தில் பழகிக்கொண்டது. கல்யாணம் ஆகிப் புதிதாக வந்த மருமகள்கள்தான் இரண்டு நாள் பயந்தார்கள். பால் சொசைட்டியில் கடிகாரத்தைப் பேருந்துக்குத் திருத்தி வைத்தார்கள். ஏழு பதினைந்துக்கெல்லாம் வீட்டுக்கு ஒருவர் என்று பதினாலு வீட்டுக்காரர்களும் தலைசீவி, நல்ல துணி உடுத்தி, சொசைட்டி முன்னால் வந்து நின்றார்கள். பேருந்து நிற்பது ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் வீட்டு விசேஷம் சொன்னார்கள், மாடு கன்று போட்டதைச் சொன்னார்கள், பாகம் பிரித்ததில் நடந்த அநியாயத்தைச் சொல்லி நியாயம் கேட்டார்கள். ஒருத்தி ஜன்னல் உயரத்துக்கு டிபன் பாக்ஸை நீட்டினாள், கையை விட்டதும் அது மண்ணில் விழுந்து சோறு சிதறியது. அதற்குப் பிறகு யாரும் பண்டம் எதுவும் கொண்டுவரவில்லை. ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைக்கவேண்டுமே, எங்கே வைப்பது என்று ஒரு தகராறு வந்தது. கடைசியில் நின்ற இடத்து மண்ணில் நான்கு சக்கரத்துக்கும் நான்கு இடத்தில் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். சென்னியப்பன் தன் படம் போட்டு, பேருந்து பெற்றுத்தந்த பெருமகனார் என்று ஒரு பேனர் கட்டினார்.

ஒரே ஒரு குறை இருந்தது. ஆவணத்தில் நாளொன்றுக்கு ஒரு நடை என்றுதான் இருந்தது. காலை நடை. சாயங்கால நடையை எழுத விட்டுவிட்டார்கள். வசந்தாமணி முதல் வாரம் முழுக்க சாயங்காலம் ஐந்து மணிக்கே வேலையை முடித்துவிட்டு வந்து சொசைட்டி முன்னால் நின்றாள், விளக்கு வைக்கிற நேரம்வரை நின்றாள். தாரணி ஒரு நாளும் திரும்பி வரவில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் புறப்பட்டாள். வந்துவிடுகிறேன் என்று தினமும் சொன்னாள். போகிற இடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, இப்பத்தான புறப்படறோம் என்றாள். தான் செத்துப்போனது அவளுக்குத் தெரியாது என்று வசந்தாமணிக்கு அப்போது விளங்கியது. அதை அவளிடம் சொல்கிற தைரியம் இல்லை.

உயிரோடிருந்தவர்கள் முன்போலவே வாசல் வழியாகத்தான் போனார்கள். செத்தவர்களை ஏழு இருபதுக்கு வழியனுப்பிவிட்டு, ஏழரைக்கு நாலுவழிச் சாலையை ஓடிக் கடந்து, எதிர்ப்பக்கம் நிஜப் பேருந்தைப் பிடித்தார்கள். மில்லுக்குப் போகிற பெண்கள் சேர்ந்து நிஜப் பேருந்தும் சுரங்கப்பாதையும் கேட்டு இன்னொரு மனு கொடுத்தார்கள், வசந்தாமணிதான் அடித்தாள், இந்தத் தடவை இரண்டு சுழி போட்டுத்தான் அடித்தாள். பதில் பதினைந்தே நாளில் வந்தது. பாளையத்துக்கு ஏற்கெனவே தடம் எண் இருபது-ஏ இயங்கிவருவதால் புதிய பேருந்து தேவையில்லை என்று பேருந்துக்காரர்கள் எழுதியிருந்தார்கள். ஊருக்குள்ளேயே பேருந்து வந்துசெல்வதால் பொதுமக்கள் சாலையைக் கடக்க வேண்டிய அவசியமே எழவில்லை என்றும், ஆகவே சுரங்கப்பாதைக்கான கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது என்றும் சாலைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். வசந்தாமணி அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, கலெக்டர் ஆபீசில் தனக்குத் தெரிந்த பழைய கிளார்க் ஒருவரிடம் போய்க் கேட்டாள்.

“ஓடற பஸ்ஸுக்கு மேல இன்னொரு பஸ் போடமாட்டாங்கம்மா” என்றார் அவர். “அந்த ஆவணத்த ரத்து பண்ணினாத்தான் அடுத்தது எதுவா இருந்தாலும். பஸ் வரலைன்னு மனு குடுத்தா கள விசாரணைக்கு ஆள் வருவாங்க. வரலைன்னு எழுதிட்டுப் போனா அன்னைக்கே இருபது-ஏ ரத்து.”

“ரத்தாயிருச்சுன்னா அது வராதுங்களா?”

“ஆவணமே இல்லாதது எப்படிம்மா வரும்?” என்றார் கிளார்க், சாதாரணமாகத்தான்.

அவள் அந்த மனுவை அடிக்கவில்லை. அதை நான் மறைக்கப்போவதில்லை. நான்கு மாதம் அடிக்கவில்லை. தினமும் காலையில் மகள் குரலைக் கேட்டுவிட்டு, அந்த ஒரு நிமிடத்தை நாள் முழுக்க வைத்துக்கொண்டு அடுத்தவர்கள் மனுவையெல்லாம் அடித்தாள். தப்பு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தாள்.

தை மாதத்தில் பதினைந்தாவது ஆளாகப் பவித்ரா போனாள். வசந்தாமணி வீட்டுக்கு நாலாவது வீடு. ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தவள். வாசல் தாண்டி மூன்றடி வைத்திருந்தாள், வேன் ஒன்று அடித்துவிட்டு நிற்காமல் போயிற்று. எடுத்து அடக்கம் பண்ணிய மறுநாள் காலையிலேயே அவள் குரல் பேருந்துக்குள் கேட்டது. அவள் அம்மா கமலவேணி, முந்தின நாள் மார்பில் அடித்துக்கொண்டு மண்ணில் புரண்டவள், பேருந்து போனபிறகு வசந்தாமணியிடம் வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது, சிரித்துக்கொண்டிருந்தாள்.

“உங்க தாரணி பக்கத்துல எடம் குடுத்துட்டாளாமாக்கா. இனி எனக்குப் பயமில்ல. நீங்க மட்டும் அந்த பஸ்ஸ வாங்கிக் குடுக்கலைன்னா என்ற புள்ள தனியால்ல போயிருக்கும்?”

வசந்தாமணி கையை உருவிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நன்றியைவிடக் கொடுமையான ஒன்றை அவள் அதுவரை வாங்கியதில்லை. அப்போதும் மனுவை அடிக்கவில்லை.

அடிக்க வைத்தது இலக்கியா. ஏழாவது படிக்கிற பெண், பக்கத்து வீடு, பொழுதன்னைக்கும் வாய் ஓயாதவள். மாசி மாதம் ஒரு காலையில் வசந்தாமணியும் அவளும் வாசல் பக்கத்தில் சாலை ஓயட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்கள். இலக்கியா நிற்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்காமல், சந்தைக்குள் நடப்பதுபோல நடந்து போனாள். ஒரு லாரி சடாரென்று பிரேக் பிடித்து, ரப்பர் கருகி, அவள் சடைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் இறங்கிக் கத்தினான். வசந்தாமணி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்து முதுகில் ஒன்று வைத்தாள்.

“பாத்துப் போகமாட்டியா? உசுரு போயிருக்குமேடி!”

“போனா என்னங்கத்தை?” என்றாள் இலக்கியா, முதுகைத் தடவிக்கொண்டே. “நம்ம பஸ்ஸுல ஏறிக்கலாம்ல? பவித்ராக்கா ஏறிட்டாங்கல்ல? எங்க கிளாஸ்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றோம். எப்படியும் சீட்டு கெடைக்கும், நின்னுட்டே போவேண்டாம்.”

அன்று கடையில் வசந்தாமணி முதலில் அடித்தது அந்த மனுவைத்தான். தடம் எண் இருபது-ஏ எங்கள் ஊருக்கு வருவதில்லை, நேரில் விசாரித்து அதை ரத்து செய்து, மெய்யான பேருந்து ஒன்றை இயக்கவும், சாலையைக் கடக்கச் சுரங்கப்பாதை அமைக்கவும் ஆவன செய்யுமாறு. அடித்துவிட்டு நாலு தடவை படித்தாள். திங்கட்கிழமை வரிசையில் தானே நின்று கொடுத்தாள்.

ஊருக்கு விஷயம் தெரிய ஒரு பொழுது போதுமானதாக இருந்தது. அவளிடம் பேச்சை நிறுத்தினார்கள். பால்காரர் அவளுக்குப் பால் இல்லை என்றார், பின்னால் வந்தவளுக்கு ஊற்றினார். சென்னியப்பன் வீடு தேடி வந்து, “ஏனுங் வசந்தாமணி, நாலு பேரு வயிறெரியற மாதிரி ஒரு காரியத்தப் பண்ணலாமுங்களா? என்ற அண்ணன் இருமல கேக்காம எனக்குக் காப்பி எறங்கறதில்ல” என்று சொல்லிவிட்டு, பெரிய மனுஷன் என்பதையும் மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரைத் திட்டுவது சுலபம், ஆனால் அந்த இருமல் விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை. கமலவேணி வீட்டு வாசலில் நின்றுகொண்டே கேட்டாள், உள்ளே வரவில்லை.

“என்ற புள்ளைய ரெண்டாந்தரம் கொல்லப் போறீங்களாக்கா?”

“உன்ற புள்ளைய மட்டுமாடி?” என்றாள் வசந்தாமணி.

“நாங்க மத்த பதினாலு வீட்டுக்காரங்களும் பஸ் வருதுன்னுதான் சொல்லுவோம். நீங்க ஒருத்தரு சொல்லி எடுபடாது.”

கள விசாரணைக்கு ஒரு புதன்கிழமை நாள் குறித்தார்கள். அதுவரை இருந்த பதினோரு காலையும் வசந்தாமணி பேருந்துக்குப் போய் நின்றாள். தாரணியிடம் எதுவும் சொல்லவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்தியா என்று கேட்டாள், தாரணியும் வைத்தேன் என்றாள். பதினோராவது நாள் அவள் ஜன்னல் உயரத்தில் காற்றில் கையை வைத்துக்கொண்டு அந்த ஒரு நிமிடமும் நின்றாள், சூடு மட்டும் உள்ளங்கையில் பட்டது.

புதன்கிழமை ஆய்வு அலுவலர் ஞானதுரை ஏழு மணிக்கே ஜீப்பில் வந்து இறங்கினார். தெற்கத்திக்காரர், ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது, மரியாதையான மனுஷர். கையில் அட்டையில் சொருகிய படிவம். அவரைச் சுற்றிப் பதினைந்து வீட்டுக்காரர்களும் நின்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையோடு வேடிக்கை பார்த்தன. பேருந்து வருகிறதா என்று அவர் பொதுவாகக் கேட்டார்.

“வருதுங்க சார். டைமுக்கு வருதுங்க” என்றார்கள் எல்லாரும்.

“மனுதாரர் யாரு?”

“நானுங்க” என்றாள் வசந்தாமணி.

நாய்கள் எழுந்து ஓரமாகப் போயின. டீசல் வாசம் வந்தது. ஞானதுரை திரும்பிப் பார்த்தார், பிரேக் சத்தத்துக்கு இரண்டடி பின்னால் வந்தார், சூடான காற்றில் அவர் படிவம் படபடத்தது. கதவு அடித்துக்கொண்டது. அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, முதல் கேள்விக்கு ‘வருகிறது’ என்று எழுதினார், இரண்டாவது கேள்விக்கு ‘நிற்கிறது’ என்று எழுதினார். கமலவேணி கைகூப்பினாள்.

“மூணாவதா என்னங்க கேட்டிருக்குது?” என்றாள் வசந்தாமணி.

“பயணிகள் ஏறுகிறார்களா.”

“இலக்கியா, இங்க வா கண்ணு” என்றாள். பிள்ளைகள் கூட்டத்திலிருந்து அவள் வந்தாள். “ஏறு.”

“ஏறுங்க, ஏறுங்க, உள்ள எடமிருக்குது” என்றது நடத்துநரின் குரல். இலக்கியா ஆசையாகத்தான் காலைத் தூக்கினாள். படி இருக்கவேண்டிய உயரத்தில் கால் நின்றது, பிறகு சும்மா இறங்கி மண்ணில் பதிந்தது. மறுபடி தூக்கினாள், மறுபடி மண். மூன்றாவது தடவை இரண்டு கையாலும் கம்பியைத் துழாவினாள். பிறகு திரும்பி வசந்தாமணியைப் பார்த்தாள், முதல் தடவையாக அவள் முகத்தில் பயம் தெரிந்தது.

“படி இல்லீங்கத்தை.”

“கேட்டுக்குங்க சார். உசுரோட இருக்கற ஒரு ஆளு இதுல ஏற முடியாது. இதுல ஏறோணும்னா மொதல்ல அங்க போயி அடிபடோணும்” என்று நாலுவழிச் சாலையின் பக்கம் கையைக் காட்டினாள் வசந்தாமணி. “இதக் காட்டித்தான் எங்களுக்கு பஸ் வேண்டாம்னுட்டாங்க. இதக் காட்டித்தான் ரோட்டக் கடக்க வழி வேண்டாம்னுட்டாங்க.”

ஞானதுரை அந்தப் பெண்ணின் புழுதிக் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதலில் எழுதியதைக் கோடு போட்டு அடித்தார், இரண்டாவதையும் அடித்தார், மூன்றாவதில் ‘இல்லை’ என்று எழுதினார். ஆய்வு நடப்பதாலோ என்னவோ, ஒரு நிமிடம் தாண்டியும் அன்று விசில் அடிக்கவில்லை.

“அம்மா” என்றாள் தாரணி, பின்பக்க ஜன்னலிலிருந்து.

ஞானதுரை தலையைத் தூக்கினார்.

“இன்னும் ஒரு கேள்வி இருக்கும்மா” என்றார், குரலைத் தாழ்த்தி. “வண்டிக்குள்ள பயணிகள் யாரும் இருக்காங்களா. ஒருத்தர் இருந்தாலும் ஓடுதுன்னுதான் நான் எழுதணும், ரத்து பண்ண முடியாது. மனுதாரர் சொல்றதத்தான் எழுதுவேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களத்தான் யாரோ கூப்பிடறாங்க போலிருக்கே?”

“அம்மா, இங்க. பின்னாடி சீட்டு. பாக்கலியா? நாந்தான்.”

வசந்தாமணி அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். இலக்கியாவின் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது, அந்தப் பெண் வலித்தும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“அம்மா?”

“உள்ள யாருமில்லீங்க சார்” என்றாள் வசந்தாமணி. “எழுதிக்குங்க.”